"வெளியில எடுங்க"

மட்டக்களப்பின் படுவான்கரையிலிருந்து விடியப்புறம் பஸ் ஏறி கிளினிக் வரும் சீனி வருத்தக்காரருக்கு மூன்று மருந்தில் ஒன்று இல்லை. துண்டில் எழுதி, "வெளியில எடுங்க" என்பார்கள். எடுக்கக் காசில்லாவிட்டால் அந்த மாதம் அந்த மருந்து இல்லை, அவ்வளவுதான். ஆஸ்பத்திரி இலவசம்தான். ஆனால் இலங்கையின் 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதாரம் தனி உரிமையாக எழுதப்படவில்லை. எழுதத்தான் வேண்டும். எழுதினாலும் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் கொழும்பு உயர் நீதிமன்றத்தில் மனுப்போட வேண்டும். வாகரைக்காரர் எங்கே போவார்?

தகவல் அறியும் உரிமை மட்டும் 14அ என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி சொல்கிறது. அதைப் பிடியுங்கள்.

முதலில் துண்டையும் பாமசி பில்லையும் எறியாதீர்கள், திகதி அதில்தான் இருக்கிறது. பிறகு தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதுங்கள். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அந்த அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும். காரணம் கேட்க அவருக்கு அதிகாரமில்லை.

பெரும்பாலான கடிதங்கள் பிழையாகிப்போவது இரண்டு இடத்தில். ஒன்று, "ஏன் மருந்தில்லை?" என்று கேட்பது. சட்டம் தருவது பதிவேட்டை, விளக்கத்தை அல்ல. "மெட்போமின் ஜனவரி முதல் மார்ச் வரை எத்தனை வந்தது, எந்தெந்த நாள் இருப்பு பூச்சியம், கோரிக்கை எந்தத் திகதியில் அனுப்பப்பட்டது?" என்று கேளுங்கள். மற்றது முகவரி. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழ்; சின்னப் பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கீழ். அம்பாறை மாவட்டக் கரையோரத்துக்குக் கல்முனையில் தனிப் பிராந்திய சுகாதாரப் பணிமனை உண்டு. மாவட்டப் பெயரை நம்பி அம்பாறைக்கு அனுப்பினால் கடிதம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தருவார்களா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாளுக்குள் வர வேண்டும். உயிரோடு சம்பந்தப்பட்டதென்றால் 48 மணித்தியாலம். இன்சுலின் போன்றவற்றுக்கு முதல் வரியிலேயே அதைக் குறிப்பிடுங்கள். மறுத்தால் 14 நாளுக்குள் அங்கேயே குறித்தொதுக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன்பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

நீதிமன்றம்வரை போகும் எண்ணமிருந்தால், 126ஆம் உறுப்புரையின் அந்த ஒரு மாதம் முடியுமுன் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதியுங்கள். அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. எந்தக் கடிதமானாலும் கையில் கொடுத்தால் பற்றுச்சீட்டு, தபாலில் போட்டால் பதிவுத் தபால் துண்டு: இரண்டில் ஒன்று கிளினிக் கொப்பிக்குள்ளேயே இருக்கட்டும்.