பிங்கோவுக்கு முன் 45 நிமிடம்

கடலூரில் மைக் செட் வைத்திருந்த மாமாவிடம்தான் நான் தொழில் கற்றேன். மாரியம்மன் கோயில் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பட்டிமன்றம் என்று வருடம் முழுக்க ஒயர் சுற்றுகிற வேலை. எந்தப் பேச்சாளர் மைக்கை விழுங்குகிற மாதிரி பேசுவார், எவர் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு "கேக்குதா?" என்று கூட்டத்தைக் கேட்பார் என்பதை, ஆள் மேடைப் படி ஏறும்போதே மாமா சொல்லிவிடுவார். அந்தக் கண் எனக்கும் கொஞ்சம் வாய்த்தது. பிற்பாடு டிப்ளமா ஒன்றை முடித்துவிட்டு உல்லாசக் கப்பலில் வேலைக்குப் போனபோது, சான்றிதழைவிட அதுதான் கைகொடுத்தது.

கப்பலில் எனக்கு அரங்கத்தில் வேலை. ராத்திரி பாட்டு, நடனம், மேஜிக். அதற்கு லைட்டும் சவுண்டும் பார்க்க ஒரு படையே உண்டு. பகலில் நடக்கும் சொற்பொழிவுக்கு ஓர் ஆள் போதும். கூட இருந்தவர்கள் அந்த முறையை அடுத்தவன் தலையில் கட்டப் பார்ப்பார்கள். நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். ஒப்பந்தம் முடியும்வரை வாரத்தில் ஏழு நாளும் வேலை, லீவு என்ற பேச்சே இல்லை. அதில் உட்கார்ந்து கதை கேட்கிற வேலை ஒன்று கிடைத்தால் விடுவானேன்?

கப்பல் எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும் நாட்கள் உண்டு. நாலா பக்கமும் தண்ணீர், ரெண்டாயிரம் பயணிகள், சாப்பிட்டு முடித்தால் அடுத்து என்ன என்று தெரியாது. அந்த நாட்களுக்காகத்தான் விருந்தினர் பேச்சாளர்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர், முன்னாள் தூதர், கடற்படை அதிகாரி, விண்வெளி பற்றிப் பேசுகிறவர், திமிங்கலத்தைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்தவர் என்று விதவிதமாக வருவார்கள். ஒரு உரை 45 நிமிடம், அப்புறம் கேள்வி.

இவர்களுக்குக் கப்பல் கொட்டிக்கொடுக்கிறது என்று நானும் ஆரம்பத்தில் நினைத்தேன். பெரும்பாலோருக்குச் சம்பளமே கிடையாது. ஒரு அறை, சாப்பாடு, கூட ஒரு துணை வரலாம்; அவ்வளவுதான். ஏற்பாடு செய்துதரும் ஏஜென்சிகள் சில, நாள் கணக்கில் பேச்சாளரிடமே கட்டணம் வாங்கும். பேசுகிறவர் காசு கொடுத்துப் பேசுகிற கூத்தை நான் கடலில்தான் பார்த்தேன். பட்டிமன்ற நடுவர் யாரிடமாவது இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அதோடு அவர்கள் பயணியும் இல்லை, பணியாளரும் இல்லை. சூதாட்ட மேஜையில் உட்காரக் கூடாது, காசு கொடுத்து வந்தவர் நின்றுகொண்டிருந்தால் இருக்கையை விட்டுத்தர வேண்டும், அரசியல் சண்டையை மேடைக்குக் கொண்டுவரக் கூடாது என்று கப்பலுக்குக் கப்பல் ஒரு பட்டியல் இருக்கும். பயணம் முடியும்போது பயணிகள் மதிப்பெண் போடுவார்கள். குறைந்தால் அடுத்த முறை அழைப்பு வராது. நாற்பது வருடம் மாணவர்களுக்கு மார்க் போட்டவர், கடைசி நாள் காலையில் தன் மார்க்கைத் தெரிந்துகொள்ள எங்கள் ஆபீஸ் வாசலில் நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

பத்து மணிக்குச் சொற்பொழிவு என்றால் அதே அரங்கத்தில் பதினொன்றே காலுக்கு பிங்கோ, நம்மூர் தம்போலா மாதிரி எண் விளையாட்டு. பிங்கோ அட்டை விற்றால் கப்பலுக்கு வருமானம். சொற்பொழிவுக்கு அது இல்லை. எனவே கேள்வி நேரம் கொஞ்சம் நீண்டால் போதும், பிங்கோ நடத்துகிற பெண் மேடையோரத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவாள். பேச்சாளருக்கு இல்லை, எனக்கு. மைக்கை அணைக்கும் விசை என்னிடம்தானே இருக்கிறது.

பேச்சாளர் முக்கால் மணி நேரம் முன்னால் வருவார். காலர் மைக் மாட்டிவிடுவது என் வேலை. தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, சட்டையின் ஓரத்தில். மணிமாலை போட்டிருந்தால் கழற்றச் சொல்வேன். இல்லாவிட்டால் உரை முழுக்க சோழி உருட்டுகிற சத்தம் கேட்கும். அந்த ஐந்து நிமிடத்தில் ஆளைத் தெரிந்துவிடும். நெஞ்சு படபடவென்று அடிப்பது விரலில் தெரியும். "எத்தனை படம் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பேன். "நூற்று நாற்பது" என்றால் எனக்குள் ஒரு பெருமூச்சு. கடல் கொந்தளிக்கிற நாளில் பின்திரை இடமும் வலமும் ஊஞ்சலாடும். பேச்சு மேஜைக்கு அடியில் ரப்பர் விரிப்பு போட வேண்டும். பறவைகள் பற்றிப் பேச வந்த ஒருவருக்கு முதல் பத்து நிமிடத்திலேயே முகம் வெளிறிவிட்டது. கப்பலில் குமட்டலுக்கு எல்லோரும் சொல்கிற வைத்தியம் பச்சை ஆப்பிள். ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கடித்துக்கொண்டே முழு உரையையும் முடித்தார். காலர் மைக்கில் அந்தக் கடிச் சத்தம் கடைசி வரிசை வரை கேட்டது. கைதட்டல் அன்று அவருக்குத்தான் அதிகம்.

அலாஸ்காவில் கிளேசியர் பே என்ற வளைகுடாவுக்குப் போகும்போது வேறு மாதிரி. அங்கே தேசியப் பூங்காவின் ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து, ஓடுகிற கப்பலில் கயிற்றேணி பிடித்து ஏறுவார்கள். கேப்டன் நிற்கிற பிரிட்ஜிலிருந்து திறந்தவெளித் தளத்துக்கு ஒலிபெருக்கியில் பேசுவார்கள். 1794-ல் வான்கூவர் என்ற ஆங்கிலேயக் கடலோடியின் ஆட்கள் அந்தப் பக்கம் வந்தபோது வளைகுடாவின் வாயிலேயே பனிச்சுவர் நின்றதாம். இப்போது பனியைப் பார்க்க அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் உள்ளே போக வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டு வந்த ரேஞ்சர், மார்ஜரி பனியாற்றின் முன்னால் கப்பல் நின்றதும், "இனி நான் பேசப் போவதில்லை, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்" என்று மைக்கை வைத்துவிட்டார். அத்தனை பேரும் குளிரில் வாய் மூடி நின்றார்கள். சுவரிலிருந்து ஒரு துண்டு சத்தமே இல்லாமல் சரிந்தது. ஒரு நொடி, ஒன்றரை நொடி கழித்துத்தான் இடி வந்தது. அந்த ஊர் டிலிங்கிட் மக்கள் அதை 'வெள்ளை இடி' என்பார்கள் என்று முந்தைய நாள் சொற்பொழிவில் கேட்டிருந்தேன். சவுண்டு வேலை பார்க்கிறவனுக்கு அந்த ஒன்றரை நொடி பெரிய விருந்து. பேச்சை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர்கள் குறைவு. இன்னொரு பயணத்தில் அதே இடத்தில் வேறொரு பேச்சாளர் பனி விழ விழ விளக்கிக்கொண்டே இருந்தார். நான் அவர் குரலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தேன். யாரும் புகார் சொல்லவில்லை.

மத்தியதரைக் கடலில் ஒரு முறை தொல்லியல் அறிஞர் ஒருவர் வந்தார். எங்கள் பெயர் அட்டையில் நாட்டின் பெயரும் இருக்கும். மைக் மாட்டும்போது அதைப் படித்துவிட்டு, இந்தியாவில் எங்கே என்றார். பாண்டிச்சேரிக்குப் பக்கம் என்றேன். "அரிக்கமேடு!" என்றார். எழுத்தைக் கடித்துத் துப்பின மாதிரி இருந்தாலும் அரிக்கமேடுதான். 1945-ல் அதைத் தோண்டிய பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர், அதற்கு முன்னால் சென்னை அருங்காட்சியகத்தில் அங்கே கிடைத்த ரோமானிய மதுஜாடித் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டுத்தான் பாண்டிச்சேரிக்கு ஓடினாராம். பிற்காலத்தில் அதே வீலர், 1954-ல் தொடங்கிய ஸ்வான் நிறுவனத்தின் கிரேக்கக் கப்பல் சுற்றுலாக்களில் பேச்சாளராகப் போனார். எங்கள் தொழிலுக்கெல்லாம் அவர் முன்னோடி என்றார். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடலூர் பஸ், அரிக்கமேட்டை ஒட்டிய அரியாங்குப்பம் வழியாகத்தான் பாண்டிச்சேரி போகும். எத்தனை தடவை போயிருப்பேன். ஒரு தடவைகூட இறங்கியதில்லை. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

இனி பனாமா. அங்கே அட்லாண்டிக்கையும் பசிபிக்கையும் இணைக்கிற கால்வாயைப் பற்றிய உரையை முப்பது தடவைக்குக் குறையாமல் கேட்டிருப்பேன். கப்பல் கால்வாய்க்குள் நுழைவதற்கு முந்தைய நாள் அரங்கம் நிரம்பி வழியும். நாளைக்குக் கண்ணால் பார்க்கப்போகிற ஒன்றைப் பற்றி இன்று கேட்க யாருக்குத்தான் பிடிக்காது?

ஒரு இன்ஜினியர் பேசினால் கால்வாய் முழுக்க இரும்பும் சிமெண்ட்டும். கப்பலை நிறுத்தித் தண்ணீரை ஏற்றி இறக்குகிற பழைய மதகுத் தொட்டியின் அகலம் 33.5 மீட்டர், அதற்கென்றே கட்டிய கப்பலின் அகலம் 32.3 மீட்டர். பக்கத்துக்கு இரண்டடி இடைவெளி. கப்பலை 26 மீட்டர் மேலே தூக்க பம்ப் ஒன்றும் கிடையாது, கால்வாயின் நடுவே உயரத்தில் இருக்கும் காட்டூன் ஏரித் தண்ணீர் தானாக இறங்கி வந்து தூக்குகிறது. ஒரு கப்பல் கடந்துபோக ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நல்ல தண்ணீர் கடலில் கலக்கிறது. தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசை போட்டு வளர்ந்த எனக்கு, அந்த எண்ணை ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் வயிறு எரியும்.

டாக்டர் பேசினால் கால்வாய் முழுக்கக் கொசு. பிரெஞ்சுக்காரர்கள் 1880-களில் தோண்டியபோது இறந்தவர்கள் இருபதாயிரத்துக்கும் மேல் என்பது மதிப்பீடு. ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்களாம். எங்கள் வீட்டில் பலகார அலமாரிக்கு அம்மா செய்வது இதேதான். அந்தக் கிண்ணங்களில் கொசு முட்டையிட்டு, ஒரு நோய்க்கு வந்து படுத்தவரை வேறொரு நோய் கொண்டுபோனது. ரொனால்ட் ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்த பிறகுதான், அமெரிக்கர்கள் கோர்காஸ் என்ற டாக்டரை வைத்துக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீரைக் கொட்டினார்கள். கொட்ட முடியாத குட்டையில் எண்ணெய் ஊற்றினார்கள்.

இன்ஜினியரானாலும் டாக்டரானாலும் கடைசிப் படம் ஒன்றே. 1914 ஆகஸ்ட் 15, அன்கான் என்ற கப்பல் முதன்முதலாக முறைப்படி கால்வாயைக் கடக்கிறது. நமக்குச் சுலபமாக மனதில் நிற்கிற தேதி. கைதட்டல். பிங்கோ.

ஒரு தடவை ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் வந்தார். படங்கள் இருபதுக்குள்தான் இருந்தன. மைக்கின் பேட்டரிப் பெட்டியை மாட்ட வசதியாக பெல்ட் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. அவரும் அன்கானைக் காட்டினார். ஆனால் முதல் படமாகக் காட்டினார், அதுவும் வேறு வருடத்து அன்கானை. 1909 செப்டம்பர் 2, கிறிஸ்டோபல் துறைமுகம். பார்படாஸ் தீவிலிருந்து 1,500 கூலிகளை ஏற்றிக்கொண்டு அதே கப்பல் வந்து நிற்கிறது. தளம் முழுக்கக் கறுப்பு முகங்கள், தொப்பிகள், கால் வைக்க இடமில்லை. மணிக்குப் பத்து சென்ட் கூலி. வெள்ளை அமெரிக்கர்களுக்குத் தங்க நாணயத்தில் சம்பளம், இவர்களுக்கு வெள்ளியில். தபாலாபீஸ் ஜன்னலும் கடையும்கூட 'தங்கம்', 'வெள்ளி' என்று தனித்தனி. அமெரிக்கர்கள் தோண்டிய பத்து வருடத்தில் பதிவான சாவு 5,609. அதில் பெரும்பங்கு இந்தத் தீவுக்காரர்கள். எல்லாவற்றையும் குரலை உயர்த்தாமல், வகுப்பில் வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி சொன்னார். நடுவில் நாலைந்து பேர் எழுந்து போனார்கள். விடுமுறைக்கு வந்த இடத்தில் இதென்ன என்று தோன்றியிருக்கும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

அரங்கத்தில் பானம் பரிமாறும் பையன் ஒருவன் பார்படாஸ்காரன். வழக்கமாகச் சொற்பொழிவு நேரத்தில் தட்டை வைத்துக்கொண்டு கடைசித் தூணில் சாய்ந்து கொட்டாவி விடுவான். அன்று சாயவில்லை. கூட்டம் கலைந்த பிறகு என் பூத்துக்கு வந்து, அந்த முதல் படத்தை மறுபடி போட முடியுமா என்றான். போட்டேன். மேடைக்குப் பக்கத்தில் போய் அண்ணாந்து நின்றான். அவன் பாட்டியின் அப்பா பனாமா போனவராம். எந்தக் கப்பலில் போனார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. அனுப்பிய பணத்துக்கு ஊரில் 'பனாமா காசு' என்று பெயர். அதில் கட்டிய மரவீடு இன்னும் நிற்கிறது என்றான்.

"எங்கள் தெருவிலும் ஒன்று இருக்கிறது, சிங்கப்பூர் வீடு" என்றேன்.

அவன் திரும்பவில்லை. ஒவ்வொரு வரிசையாகத் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தை இன்னும் பெரிதாக்க முடியுமா என்றான். பெரிதாக்கினால் முகங்கள் புள்ளி புள்ளியாகச் சிதறின, மறுபடி சின்னதாக்கினேன். வெளியே அட்டைக்காக வரிசை நின்றுவிட்டது. பிங்கோ பெண் எண் உருண்டைகள் போட்ட கூண்டைத் தள்ளிக்கொண்டு மேடைக்கு வந்தாள், திரையைப் பார்த்தாள், என் பக்கம் திரும்பிக் கைக்கடிகாரத்தைத் தட்டினாள். நான் பேட்டரி மாற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.