அட்டென்யுவேட்: கிருமியை மெலிய வைத்த சொல்

அட்டென்யுவேட் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வலுக்குறைத்தல் என்று மட்டும் பொருள் எழுதிவைத்தால் எனக்கு மனசு ஆறாது. லத்தீனில் டெனுயிஸ் என்றால் மெல்லியது, அதிலிருந்து அட்டெனுவாரே, மெலியச் செய்தல். மெலிந்தது என்ற பொருளில் சமஸ்கிருதத்தில் வரும் தனுவும் இதற்குச் சொந்தம்தான். கேபிளில் சிக்னல் தேய்வதையும் இப்படித்தான் சொல்கிறார்கள், சரி. ஆனால் இந்தச் சொல் முழுசாகப் புரிவது தடுப்பூசியில். பிரான்சின் லீல் நகரில் கால்மெத், கெரான் என்ற இரு விஞ்ஞானிகள் மாட்டுக் காசநோய்க் கிருமியை, கிளிசரினும் மாட்டுப் பித்தநீரும் சேர்த்த உருளைக்கிழங்கில், மூன்று வாரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றி மாற்றி, 1908 முதல் 1921 வரை சுமார் 230 தடவை வளர்த்தார்கள். கிருமி சாகவில்லை, நோய் தரும் வீரியம்தான் மெலிந்தது. பிறந்த குழந்தைக்கு இடது கையில் போடுவார்களே பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி, அதில் இருப்பது இந்த மெலிந்த கிருமிதான். என் கையிலும் துவரம்பருப்பு அளவில் அந்தத் தழும்பு இருக்கிறது.