ஆப்கான் நாவல்களைத் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு: எழுதியவர் எப்போது ஊரைவிட்டுப் போனார்?

எம்.ஏ. ஆங்கிலத்தில் ஆய்வேட்டுக்கு நான் ஆப்கான் புனைகதைகளைத்தான் எடுத்திருந்தேன். அதனால் ஜூனியர்கள் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்: போர், புலம்பெயர்வு, இனப்பிளவு மூன்றையும் வைத்து ஒரு பெரிய கேள்வி வந்தால் எப்படி எழுதுவது? வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், மூன்று துணைத்தலைப்பு போட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஆப்கான்-அமெரிக்க நாவலாசிரியர் காலித் ஹொசைனியிலிருந்து ஒரு சம்பவத்தை வைத்துவிடுவார்கள். பாஸ் ஆகிவிடும். ஆனால் திருத்துகிறவர் அன்றைக்கு அதே பதிலைக் கட்டுக் கட்டாகப் பார்த்திருப்பார். இந்த மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடப்பதைக் காட்டுங்கள், பதில் தனியாகத் தெரியும்.

அதற்கு என் கைடு சொல்லிக்கொடுத்த வழி இது. ஒரு தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதுங்கள். 1973 தாவூத் கான் மன்னர் ஜாகிர் ஷாவைக் கவிழ்த்தது, 1978 ஏப்ரலில் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்தது, 1979 டிசம்பரில் சோவியத் படை நுழைந்தது, 1989 பிப்ரவரியில் அது வெளியேறியது, 1992 முதல் 1996 வரை, சோவியத்தை எதிர்த்துப் போராடிய முஜாஹிதீன் குழுக்கள் காபூலுக்காகத் தங்களுக்குள் அடித்துக்கொண்டது, அப்புறம் தாலிபான், 2001இல் அமெரிக்கா, 2021 ஆகஸ்டில் மறுபடியும் தாலிபான். பக்கத்திலேயே கதை எந்த ஆண்டில் நடக்கிறது, எழுத்தாளர் எந்த ஆண்டில் நாட்டைவிட்டுக் கிளம்பினார் என்று இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதைச் செய்தாலே 'ஆப்கான் போர்' என்று ஒருமையில் எழுதும் பழக்கம் போய்விடும். சோவியத் காலத்துக் கதைகளில் குண்டு வானத்திலிருந்து விழுகிறது, எதிரி வெளியாள். 1992க்குப் பிறகு அது நகரத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. அந்தக் குழுக்கள் தலைவருக்கு ஒரு இனமாகப் பிரிந்திருந்தன: மசூதின் ஆட்கள் பெரும்பாலும் தாஜிக், ஹெக்மத்யாருடையவர்கள் பஷ்தூன், மஸாரியின் கட்சி ஹசாரா, தோஸ்தும் படை உஸ்பெக். போரும் இனப்பிளவும் பிரித்தெடுக்க முடியாதபடி ஒட்டிக்கொண்டது இந்த நாலு வருஷத்தில்தான். ஹொசைனியின் இரண்டாவது நாவலான 'எ தவுசண்ட் ஸ்ப்ளெண்டிட் சன்ஸ்'-இல் லைலாவின் குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்ப மூட்டை கட்டும்போது வீட்டின் மேல் ராக்கெட் விழுவதும் அந்தக் காலத்தில்தான்.

சரி, எல்லாரும் எழுதும் புத்தகத்துக்கே வருவோம். 2003இல் வந்த 'தி கைட் ரன்னர்', தமிழில் 'பட்ட விரட்டி'. ஹொசைனியின் அப்பா தூதரக அதிகாரி. குடும்பம் 1976இல் பாரிஸ் போய், 1980இல் அமெரிக்காவில் தஞ்சம் கேட்டது. அதாவது சோவியத் போரையும் உள்நாட்டுப் போரையும் அவர் உள்ளே இருந்து பார்க்கவில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு நாவலைப் படித்தால், எழுபதுகளின் காபூல் குளிர்காலமும் மாஞ்சா நூல் அறுத்த விரல்களும் ஏன் அவ்வளவு கிட்டத்தில் தெரிகின்றன, தாலிபான் காலத்து காபூல் ஏன் ஒரு விருந்தாளியின் கண்ணில் தெரிகிறது என்பது விளங்கும். தப்பித்துப் போனவனின் குற்ற உணர்வுதான் அந்த நாவலின் என்ஜின், பணக்காரப் பஷ்தூன் பையன் அமீர், தன் வீட்டு வேலைக்காரரின் மகனான ஹசாராச் சிறுவன் ஹசனுக்குச் செய்த துரோகம் அதற்குக் கிடைத்த கதை. இது என் வாசிப்பு, ஒத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, ஆனால் இப்படி ஏதாவது ஒரு பக்கம் எடுத்து வாதாடுங்கள்.

இனப்பிளவுக்கு எல்லாரும், ஹசனைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கும் இனவெறியன் ஆஸெஃபைப் பிடித்துக்கொள்வார்கள். அவனைவிட நல்ல சான்று அமீரின் மாமனார் ஜெனரல் தாஹெரி. கலிபோர்னியாவில், சாப்பாட்டு மேஜையில், வீட்டில் ஏன் ஒரு ஹசாராப் பையன் இருக்கிறான் என்று மருமகனிடம் கேட்கிறார், ஊர்க்காரர்கள் கேட்டால் என்ன சொல்வது என்கிறார். அந்தப் பையன் ஹசனின் மகன். அவனுக்கு சொஹ்ராப் என்று ஒரு பெயர் இருக்கிறது என்று அமீர் திருப்பிக் கொடுக்கிறான். நாடு போய்விட்டது, பதவி போய்விட்டது, ஆனால் யார் மேல் யார் கீழ் என்பதை மட்டும் ஜெனரல் விமானத்தில் கூடவே கொண்டுவந்துவிட்டார். மூன்று துணைத்தலைப்பும் அந்த ஒரே காட்சியில் இருக்கின்றன. இது வெறும் கதையும் இல்லை. 2007இல் படம் வந்தபோது, இன மோதல் கிளம்பி நடித்த சிறுவர்களுக்கு ஆபத்து வரும் என்று பயந்து வெளியீட்டைத் தள்ளிவைத்து அவர்களை ஐக்கிய அரபு அமீரகத்துக்கு அனுப்பினார்கள்.

அடுத்து அதீக் ரஹிமி. எண்பதுகளின் நடுவில் பிரான்சுக்குப் போனவர். 'எர்த் அண்ட் ஆஷஸ்' அவர் தாரியில், அதாவது ஆப்கானிஸ்தானில் பேசும் பாரசீகத்தில், எழுதியது. புல்-இ-கும்ரி பக்கம் ஒரு பாலத்தடியில், சுரங்கத்துக்குப் போகும் லாரிக்காக தஸ்தகீர் என்ற கிழவர் பேரனோடு காத்திருக்கிறார். கிராமத்தை ரஷ்யர்கள் அழித்துவிட்டார்கள், அதை மகனிடம் சொல்லவேண்டும். குண்டு வெடித்ததில் பேரன் யாசீனுக்குக் காது போய்விட்டது, ஆனால் அவனுக்கு அது தெரியாது. மற்றவர்களுடைய குரலைத்தான் டாங்கிகள் எடுத்துக்கொண்டு போய்விட்டன என்று நினைக்கிறான். ஹொசைனியை வைத்து எத்தனை பக்கம் எழுதினாலும் இந்த ஒரு இடத்துக்கு ஈடாகாது.

2008இல் பிரான்சின் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர் பெற்ற 'தி பேஷன்ஸ் ஸ்டோன்' நாவலை ரஹிமி நேரடியாக பிரெஞ்சில் எழுதினார். தாய்மொழியில் தன்னையறியாமல் வரும் தணிக்கை பிரெஞ்சில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். கோமாவில் கிடக்கும் கணவனிடம் ஒரு பெண் எல்லாவற்றையும் கொட்டுகிறாள், அவளுக்குப் பெயர் கிடையாது, இனமும் சொல்லப்படுவதில்லை. புலம்பெயர்வு கதையின் பொருளாக மட்டும் வருவதில்லை, எதைப் பேசலாம் என்பதையே மாற்றுகிறது என்று எழுத இது கச்சிதமான உதாரணம்.

ஜமீல் ஜான் கோச்சாயை விட்டுவிடாதீர்கள். பெஷாவரில் பிறந்து கலிபோர்னியாவில் வளர்ந்தவர், லோகர் மாகாணத்துப் பஷ்தூன் குடும்பம். 'மெட்டல் கியர்' வீடியோ கேமை வைத்து ஒரு சிறுகதை எழுதியிருக்கிறார். பையன் கேமுக்குள் எண்பதுகளின் லோகருக்குப் போய், அங்கே இளைஞனாக இருக்கும் தன் அப்பாவையும் சித்தப்பாவையும் பார்த்து, காப்பாற்றக் கிளம்பிவிடுகிறான். ரஹிமியின் கிழவர் கதையைப் போலவே இதுவும் 'நீ' என்று முன்னிலையில் போகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு முழுப் பதில் கிடைக்கும்: போரை அனுபவித்த தலைமுறை ஒன்று, கேட்டு வளர்ந்த தலைமுறை ஒன்று. பஷ்தூன் என்றால் அதிகாரம் என்று 'பட்ட விரட்டி' மட்டும் படித்தவர்களுக்கு வரும் எண்ணத்தையும் இவர் உடைக்கிறார். இவருடைய பஷ்தூன் கிராமங்கள் சோவியத், அமெரிக்கா இரண்டு படைகளிடமும் அடி வாங்கியவை.

நாட்டுக்குள் இருந்துகொண்டு எழுதியவர்களுக்கும் இரண்டு பத்தி ஒதுக்குங்கள். 2022இல் வந்த 'மை பென் இஸ் தி விங் ஆஃப் எ பேர்ட்' தொகுப்பில் 18 ஆப்கான் பெண்கள் தாரியிலும் பஷ்தூவிலும் எழுதிய கதைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அதில் ஷரீஃபா பாசூனின் கதையில், எண்பதுகளின் காபூலில் ராக்கெட் விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் டிவி நிலையத்துக்குப் போய் இரவுச் செய்தி வாசிக்கிறாள். பழைய ஊரை நினைத்து உருகுவது கிடையாது, நாளைக்கும் வேலைக்குப் போயாக வேண்டும்.

நேரம் குறைவு என்றால் ரஹிமியின் கிழவரிலிருந்து ஆரம்பியுங்கள், ஒரே மூச்சில் முடியும். 'பட்ட விரட்டி' ஏற்கெனவே படித்தவர்கள் முழுசாகத் திருப்ப வேண்டாம், கடைசிப் பகுதியில் அந்தச் சாப்பாட்டு மேஜை வரும் பக்கங்களை மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் போனால் போதும்.