பெருத்த உடம்பில் கைத்துப்பாக்கியை உறுத்தாமல் சுமப்பது: என் அனுபவம்

ஹூஸ்டனை ஒட்டிய ஊரொன்றில் இந்திய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். இரவு கடையை அடைத்துவிட்டு வசூல் பணத்தோடு தனியாளாகக் கார் வரை நடக்க வேண்டும். கைத்துப்பாக்கி வாங்கியது அதற்காகத்தான். என் எடை 130 கிலோவைத் தாண்டும், இடுப்பு 48 அங்குலம். உடம்பு பெருத்தவர்கள் துப்பாக்கியை எப்படி வலிக்காமல், வெளியே தெரியாமல், ஆபத்தில்லாமல் சுமப்பது என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்கள் சிலருக்காவது உதவும்.

சட்ட விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிரம்பி வேறு சட்டத் தடை இல்லாதவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி சுமக்கலாம். ஆனாலும் நான் எல்டிசி (License to Carry) எனப்படும், துப்பாக்கி சுமப்பதற்கான மாநில உரிமம் எடுத்தேன். என் கடைக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. பள்ளியைச் சுற்றி 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்கிற கூட்டாட்சிச் சட்டம் மாநில உரிமம் உள்ளவர்களுக்கு விலக்கு தருகிறது. கட்டணம் 40 டாலர். வகுப்பு, கைரேகை, பிறகு 50 ரவுண்டு சுடும் தேர்வு: 3, 7, 15 கஜ தூரங்களில், 250க்கு 175 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. சில விலக்குகள் உண்டு. அதை நண்பர்களிடம் கேட்காதீர்கள், வழக்கறிஞரிடம் கேளுங்கள். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

உரிமம் சுலபமாக வந்துவிட்டது. இடுப்பில் செருகிக்கொண்டு நாள் முழுக்கக் கடையில் நிற்பதுதான் பெரும்பாடு. துப்பாக்கிக் கடைக்காரர் என் உருவத்தைப் பார்த்ததுமே இருப்பதிலேயே சின்னதாக ஒன்றை எடுத்து நீட்டினார். வலது இடுப்புக்குச் சற்றுப் பின்னால், பேண்ட்டுக்கு உள்ளே வைக்கும் ஹோல்ஸ்டரும் (துப்பாக்கி உறை) கொடுத்தார். தொப்புளை 12 மணியாக வைத்துக்கொண்டால், கடிகார முள் கணக்கில் அதை 4 மணி இடம் என்பார்கள். ஒல்லியானவர்களுக்கு அது பொருந்தலாம். எனக்கு அந்த இடத்தில்தான் இடுப்புச் சதை மடிகிறது. துப்பாக்கியின் பின்பகுதி சதையைக் குத்தி, சாயங்காலத்துக்குள் அந்த இடம் சிவந்து தடித்துவிடும். எடுக்கப் போனால் கைப்பிடி சதைக்குள் புதைந்து கிடக்கும், விரல் நுழையாது.

நம் உடம்பில் நடப்பது என்னவென்று யாராவது முதலிலேயே விளக்கியிருந்தால் நிறையக் காசு மிச்சமாகியிருக்கும். பெல்ட்தான் நடுத்தாங்கி. அதற்கு மேலே கைப்பிடியும் குண்டு நிறைந்த மேகசினும், கீழே குழல். சீசாப் பலகை மாதிரிதான். தட்டையான வயிறு என்றால் பெல்ட் இரண்டு பக்கத்தையும் உடம்போடு அழுத்திவிடும். தொப்பை இருந்தால் அது பெல்ட்டுக்கு மேலே கைப்பிடியை வெளியே தள்ளும். சின்னத் துப்பாக்கியில் பெல்ட்டுக்குக் கீழே பிடிமானத்துக்கு ஒன்றுமே இருக்காது, அதனால் அது அப்படியே வெளியே சாயும். சட்டைக்கு மேல் துருத்திக்கொண்டு தெரிவது எப்போதும் கைப்பிடிதான், குழல் இல்லை. ஆகவே தொப்பைக்காரருக்குச் சின்னது வசதி என்பது தவறான யோசனை. கீழே நீளம் வேண்டும்.

இப்போது என்னிடம் இருப்பது க்ளாக் 19. அதன் குழல் 4 அங்குலம். ஆனால் ஹோல்ஸ்டர், குழல் இன்னும் நீளமான க்ளாக் 34க்குச் செய்தது. கைடெக்ஸ் பிளாஸ்டிக்கில் அடி திறந்திருக்கும் வகை என்பதால் 19 அதில் கச்சிதமாக உட்காருகிறது. துப்பாக்கிக்குக் கீழே நீளும் அந்த வெற்று உறைதான் தொடைப்பக்கம் அழுந்தி, மேலே கைப்பிடி சாயாமல் பிடித்துக்கொள்கிறது. ஹோல்ஸ்டரின் அடியில், உடம்பைத் தொடும் பக்கம், வெல்க்ரோ வைத்து ஒரு ஃபோம் மெத்தை ஒட்டியிருக்கிறேன். வெட்ஜ் என்று விற்கிறார்கள். தோட்டவேலைக்கு முழங்காலுக்குப் போடும் ஃபோமை வெட்டியும் செய்யலாம். அது அடிப்பகுதியை வெளியே தள்ளும், அந்த விசையில் கைப்பிடி உள்ளே வயிற்றைப் பார்த்துத் திரும்பும். முனை எலும்பில் குத்துவதும் நின்றுவிடும். மேல்தடிமன், அடித்தடிமன் மாற்றி மாற்றிப் பாருங்கள். கால் அங்குல வித்தியாசத்தில் வலி மறைகிறது.

இடமும் மாறியது. இப்போது முன்பக்கம், தொப்புளுக்கு வலதுபுறம், 1 மணி. தொப்பை உள்ளவருக்கு முன்பக்கம் ஒத்துவராது என்று எல்லோரும் சொல்வார்கள். என் வயிறு கெட்டியானது. பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே கட்டுகிறேன். வயிற்றுக்கும் தொடைக்கும் நடுவே இயற்கையாகவே ஒரு பள்ளம் இருக்கிறது, துப்பாக்கி அங்கே படுத்துக்கொள்கிறது. வயிறு தளர்ந்து பெல்ட்டுக்கு மேல் தொங்குபவர்களுக்கு இது சரிவராமல் போகலாம், சதை கைப்பிடியை மூடிவிடும். அவர்களுக்கு இடுப்பெலும்பின் நேர் மேலே, 3 மணியில், பெல்ட்டுக்கு வெளியே மாட்டும் ஹோல்ஸ்டரே மேல். பெரிய சட்டை போடும் நமக்கு அதை மறைக்க இடமும் இருக்கிறது. டாலஸ் வரைக்கும் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் நானே அதற்குத்தான் மாறுகிறேன்.

பேண்ட் வழக்கத்தைவிட 2 அங்குலம் பெரியது. பெல்ட் வளையாத கெட்டி ரகம், ஓட்டைகள் இல்லாமல் பற்களால் கால் கால் அங்குலமாக இறுக்குவது. சாப்பிட்ட பிறகு ஒரு பல் தளர்த்தலாம். கட்டம் போட்ட சட்டை, இன் பண்ணாமல். உள்ளே திருப்பூர் பனியன், பேண்ட்டுக்குள் செருகியது. ஹூஸ்டன் புழுக்கத்தில் தோலில் நேராகப் பட்டால் புண்ணாகும். வியர்வை உப்பில் துருப்பிடிப்பது முதலில் ஹோல்ஸ்டர் திருகுகளும் கிளிப்பும்தான். இரவில் எண்ணெய்த் துணியால் துடைத்துவிடுகிறேன்.

எதையும் வெளியே போட்டுப் போகும் முன் வீட்டில் சோதித்தேன். துப்பாக்கியைக் காலி செய்து, குழலுக்குப் பின்னால் குண்டு உட்காரும் சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை வேறு அறையில் வைத்துவிட்டு: ஷூ கட்டுவது, காரில் ஏறுவது, 20 பவுண்டு சோனா மசூரி மூட்டையை வயிற்றோடு அணைத்துத் தூக்குவது. மூட்டையின் விளிம்பு கைப்பிடியில் இடித்தபோதுதான் ஹோல்ஸ்டரை ஒரு திருகு கீழே இறக்கினேன். என் மனைவி சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டே, "ஏங்க, அடிக்கடி அங்கேயே கை போகுது பாருங்க. யாருக்கும் தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?" என்றாள். சட்டையில் ஒன்றும் தெரியவில்லை, கைதான் காட்டிக்கொடுத்தது. உறுத்தினால் கை போகும். அதனால்தான் வசதியையும் பாதுகாப்பையும் நான் பிரித்துப் பார்ப்பதில்லை.

இதைவிட முக்கியமானது துப்பாக்கியைத் திரும்ப உறைக்குள் வைப்பது. நம்மால் குனிந்து பெல்ட்டைப் பார்க்க முடியாது, வயிறு மறைக்கும். முன்பக்க ஹோல்ஸ்டரில் குழல் பார்ப்பது நம் தொடையை, தொடையின் பெரிய ரத்தக்குழாயை. சட்டை நுனியோ கயிறோ டிரிகர் வளையத்துக்குள் சிக்கினால் குண்டு வெடித்துவிடும். நான் எப்போதும் ஹோல்ஸ்டரை முதலில் பேண்ட்டிலிருந்து கழற்றுகிறேன். கண்ணுக்கு எதிரே, பாதுகாப்பான திசையில் வைத்துத் துப்பாக்கியை அதற்குள் இறக்கி, க்ளிக் கேட்ட பிறகு மொத்தமாகப் பேண்ட்டுக்குள் செருகிக் கிளிப்பை மாட்டுகிறேன். காலையில் மாட்டுவதும் இரவில் எடுப்பதும் இப்படித்தான். பயிற்சி மைதானத்தில் இடுப்பிலேயே திரும்ப வைக்க வேண்டி வந்தால், இடதுகையால் சட்டையை மார்புவரை தூக்கிப் பிடித்து, இடுப்பை முன்தள்ளிச் சாய்ந்து, விரல் டிரிகரை விட்டு விலகியிருக்க, மெதுவாக. அவசரமாகத் திரும்ப வைத்துப் பரிசு வாங்கியவர் யாருமில்லை.

கழிப்பறை பற்றி யாரும் பேசுவதில்லை. துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலிருந்து எடுக்காதீர்கள். கொக்கியில் தொங்கவிடாதீர்கள், காகிதச் சுருள் மேல் வைக்காதீர்கள். முழங்கால்களை விரித்துப் பேண்ட்டை அந்த உயரத்திலேயே நிறுத்தி, பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டால் துப்பாக்கி விழாது.

போகக்கூடாத இடங்களும் உண்டு. மறைத்த துப்பாக்கியோடு உள்ளே வரக்கூடாது என்று டெக்சாஸ் சட்டப்படி அறிவிக்கும் 30.06 பலகை வைத்த கட்டடங்கள், மது வருமானம் 51 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பார்கள், பள்ளிக்கூடங்கள். நம் தமிழ் விழாக்கள் பள்ளி அரங்கில் நடந்தால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும். பேர்லாண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போகும்போது நான் வீட்டிலேயே பூட்டிவிடுகிறேன்; சாமி கும்பிட அது எதற்கு?

பெண்களுக்குக் கணக்கே வேறு. என் மைத்துனியும் பெருத்த உடம்புதான். அவளுக்கு இடுப்பு வெளியே அகன்று, பெல்ட் மேலே உட்காருகிறது. 3 மணியில் வைத்தால் குழல் வெளியே தள்ளப்பட்டுக் கைப்பிடி விலாவில் குத்துகிறது. அவள் வாங்கியது பில்ஸ்டர் நிறுவனத்தின் எனிக்மா என்கிற ஹோல்ஸ்டர் தாங்கி. தனிப் பட்டையில் உடம்போடு கட்டுவதால் அதற்குப் பேண்ட்டோ பெல்ட்டோ தேவையில்லை. லெகிங்ஸ் மேல் கட்டி, குர்தாவைப் போட்டுக்கொள்கிறாள். குர்தாவின் பக்க வெட்டு வழியாக எடுக்க முடியுமா என்று காலித் துப்பாக்கியோடு சுவரைப் பார்த்து இன்னும் பழகிக்கொண்டிருக்கிறாள். வெட்டு நான்கு விரல் மேலே தைக்கப்பட்ட குர்தாவில்தான் கை தடையில்லாமல் போகிறது என்பதால், தையல்காரரிடம் மற்றவற்றையும் அப்படியே பிரித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறாள்.