டவுன் என்றால் முதலில் வேலி

ஆங்கில 'டவுன்' பிறந்தபோது ஊர் இல்லை, வேலி அடைத்த இடம். ஜெர்மனில் அதன் உறவுச்சொல்லுக்கு இன்றும் வேலி என்றுதான் பொருள், டச்சில் தோட்டம். பிரைட்டன், கிங்ஸ்டன் வாலில் ஒட்டியிருக்கும் 'டன்' இதேதான்.

நம்மவர்கள் இடறுவது 'த'வில் (the). "ஐ'ம் கோயிங் இன்டு டவுன்" என்றால் கடைவீதிப் பக்கம் போகிறேன். நடுவில் 'த' போட்டால் ஏற்கெனவே பேச்சில் வந்த ஏதோ ஓர் ஊர் என்றாகிவிடும். வெளியூர் போனவர் "அவுட் ஆஃப் டவுன்". லண்டன்வாசியும் அப்படித்தான் சொல்வார், அங்கே 'சிட்டி' வராது. "ஹி வென்ட் டு டவுன் ஆன் த பிரியாணி" என்றால் டவுன் பஸ் ஏறவில்லை, பிரியாணியை ஒரு பிடி பிடித்திருக்கிறார்!

அளவை வைத்தும் முடிவு செய்ய முடியாது. இங்கிலாந்தில் சிட்டி என்பது மன்னரோ அரசியோ தரும் தகுதி. சுமார் 11,000 பேர் வாழும் வெல்ஸ் என்ற ஊர் சிட்டி. ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய ரெடிங் இன்னும் டவுன். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலோ 5,000 பேர், சதுர கிலோமீட்டருக்கு 400 பேர், முதன்மைத் தொழிலாளரான (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்யும்) ஆண்களில் 75% விவசாயம் சாராதவர்கள் என்றிருந்தால், ஊராட்சியாக இருந்தாலும் அது டவுன் கணக்கு.

தமிழில் எழுதும்போது மட்டும் 'சர்வர் டவுன்', 'நெல்லை டவுன்' இரண்டுக்கும் ஒரே எழுத்து.