நூர்பர்க்ரிங்ல பைக்ல ஒரு லேப்: நாங்க பிளான் போட்ட கதை

முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். இதைப் படிச்சிட்டு யாராவது பைக்கை எடுத்துக்கிட்டு நேரா நூர்பர்க்ரிங் வாசலுக்குப் போய் டிக்கெட் கேட்டா கிடைக்காது. 2025 சீசன்ல இருந்து நார்ட்ஷ்லைஃபல, அதாவது நூர்பர்க்ரிங்கோட பழைய நீளமான ட்ராக்குல, பொதுமக்கள் ஓட்டுற நேரத்துல பைக்கை உள்ள விடுறதில்ல, கார் மட்டும்தான். நாங்க ரெண்டு பேர் போனது 2024 செப்டம்பர்ல. அதுதான் பைக்குக்குக் கடைசி சீசன்னு அப்ப தெரியாது. இப்பவும் நண்பர்கள் "எப்படிப் போனீங்க, நாங்களும் போகணும்"னு கேட்டுக்கிட்டே இருக்காங்க, அதான் போன வழி, பட்ட பாடு, இப்ப என்ன வழி பாக்கி இருக்கு எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன்.

தெரியாதவங்களுக்காக: ஜெர்மனியில ஐஃபல் மலைப் பக்கம் காட்டுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு போற 20.832 கிலோமீட்டர் ரோடு இது. வேலையில்லாதவங்களுக்கு வேலை கொடுக்கணும்னு 1925-ல கட்ட ஆரம்பிச்சு 1927 ஜூன் 18-ம் தேதி திறந்தாங்க. திறந்த அன்னிக்கு முதல் ரேஸ் பைக் ரேஸ்தான், கார் ரேஸ் மறுநாள்தான். டோனி உல்மன்னு ஒருத்தர் 350 சிசி வெலோசெட் வண்டியில ஜெயிச்சார். பைக் ஓட்டுறவங்களுக்கு இந்த இடத்து மேல இருக்கிற உரிமை அவ்வளவு பழசு, இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லல, பின்னாடி ஏன்னு புரியும். பச்சை நரகம்னு இதுக்கு ஒரு பேர் உண்டு, கார் ரேஸர் ஜாக்கி ஸ்டூவர்ட் வச்சது. 1976-ல நிக்கி லாடாங்கிற ரேஸர் இங்க விபத்துல எரிஞ்சு பிழைச்சதுக்கு அப்புறம் ஃபார்முலா ஒன் கார் ரேஸ் இந்த நீளமான ட்ராக்குக்கு வரவே இல்ல. பைக் கிராண்ட் பிரீயும், அதாவது உலக சாம்பியன்ஷிப் ரேஸும், இந்த ட்ராக்குல 1980-ஓட நின்னுபோச்சு.

ஆனா பிளான் போடுறப்ப இந்த வரலாறெல்லாம் மனசுல ஏறின அளவுக்கு ஒரு முக்கியமான விஷயம் எனக்கு ஏறல. ரேஸ் ட்ராக்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். பொது ஓட்டத்துக்குத் திறந்திருக்கிற நேரத்துல சட்டப்படி அது காசு கட்டிப் போற ஒருவழிச் சாலை, அவ்வளவுதான். ஜெர்மன் சாலை விதி அப்படியே செல்லும். வலது ஓரமா ஓட்டணும், இடது பக்கமா மட்டும்தான் ஓவர்டேக், நடுவுல நிறுத்தக் கூடாது, டைம் எடுக்கக் கூடாது, ரேஸ் விடக் கூடாது. விழுந்தா ஆம்புலன்ஸ், வண்டியைத் தூக்குற செலவு, ஓரத்துல இருக்கிற இரும்புத் தடுப்பு, பேரியர், நசுங்கினா அதுக்கு மீட்டர் கணக்குல காசு, ட்ராக்கை மூடி வச்ச நேரத்துக்கும் பில், எல்லாம் விழுந்தவன் தலையில.

அதனால பிளானோட முதல் வேலை ஹோட்டலும் இல்ல ரூட்டும் இல்ல, இன்சூரன்ஸ். நாங்க இங்கிலாந்துல இருக்கோம், வண்டியும் இங்க ரிஜிஸ்டர் ஆனது, ஐரோப்பாவுக்குக் கவர் இருக்குன்னு பாலிசியில முதல் பக்கத்துலயே பெருசா போட்டிருந்தது. என் கூட வந்த தம்பி, கூடப் பிறந்தவன் இல்ல, வேலை செய்ற இடத்துல பழக்கம், எதையும் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆளு. ஒரு ஞாயித்துக்கிழமை ராத்திரி போன் பண்ணி, "அண்ணே, இருபத்தி ஏழாம் பக்கம் எடுங்க"ன்னான். எடுத்தேன். ரேஸ் ட்ராக், டீரெஸ்ட்ரிக்டட் ரோடு (வேகக் கட்டுப்பாடு இல்லாத ரோடு), அதுக்கு அடுத்து நூர்பர்க்ரிங்னு பேரையே போட்டு, இங்கெல்லாம் கவர் கிடையாதுன்னு பொடி எழுத்துல இருந்தது. நான் அந்த நிமிஷம் வரைக்கும் அதைப் பார்க்கவே இல்ல. மறுநாள் போன் போட்டா எடுத்த பொண்ணுக்கு அந்த இடம் எதுன்னே தெரியல, ஐரோப்பாவுல எங்க வேணா ஓட்டலாம் சார்னு சொல்லுது, நான் அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டின பிறகு ஹோல்டுல போட்டு அரை மணி நேரம் கழிச்சு கவர் இல்லன்னு சொன்னாங்க. போன்ல சொல்ற வார்த்தையை நம்பாதீங்க, எழுத்துல வாங்குங்கன்னு நான் கெஞ்சிக் கேட்கிறதுக்குக் காரணம் இதுதான். கடைசியில மூணாவதா கேட்ட இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட, அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு மட்டும் கவர் உண்டு, நம்ம வண்டிக்குக் கிடையாதுன்னு எழுத்துல கிடைச்சது, நான் அவங்களுக்கு மாறிக்கிட்டேன். வண்டி போனா போனதுதான்னு மனசைத் தேத்திக்கிட்டு, அதுக்குத் தகுந்த மாதிரி ஓட்டணும்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். உடம்புக்கு எடுக்கிற டிராவல் இன்சூரன்ஸும் தனியா பாருங்க, அதுலயும் பெரும்பாலும் ட்ராக்னு வந்தாலே கையை விரிச்சிடுவாங்க.

தம்பிக்கு இந்திய பாஸ்போர்ட், ஷெங்கன் விசா வேணும். எந்த நாட்டுல அதிக நாள் தங்குறோமோ அந்த நாட்டுக்கிட்டதான் அப்ளை பண்ணணும், எங்களுக்கு ஜெர்மனி. பிரான்ஸ்ல இறங்குறோம்னு பிரான்ஸுக்குப் போடாதீங்க. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே ரொம்ப நாள் ஆச்சு, அதனால ஜூன்ல போக வேண்டியது செப்டம்பருக்குத் தள்ளிப்போச்சு.

மத்ததெல்லாம் சீக்கிரம் முடிஞ்சுது. நம்பர் பிளேட் பக்கத்துல யூகே ஸ்டிக்கர், எதிர்ல வர்றவங்க கண்ணு கூசாம ஹெட்லைட்ல ஒட்டுற டிஃப்ளெக்டர், பிரான்ஸுக்காக ஒளிர்ற ஜாக்கெட்டும் சிஇங்கிற ஐரோப்பிய தர முத்திரை போட்ட கிளவுஸும், பெல்ஜியத்துல கணுக்கால் மூடின பூட்ஸ் கட்டாயம். டயர் மட்டும் கவனிங்க. மோட்டார்வேயிலயே ஓட்டுற பின் டயர் நடுவுல தேஞ்சு தட்டையா ஆயிடும், அப்புறம் வண்டியைச் சாய்க்கிறப்ப ஒரு விளிம்புல தடக்குனு விழுற மாதிரி இருக்கும். எனக்குப் பின் டயர்ல இன்னும் ரெண்டாயிரம் மைல் ஓடும்னு தெரிஞ்சும் மாத்திட்டுதான் கிளம்பினேன், அதுல ஒரு துளி வருத்தம் இல்ல.

ஃபோக்ஸ்டன்ல ரயில்ல வண்டியை ஏத்தினா 35 நிமிஷத்துல கலே. சைடு ஸ்டாண்டு போட்டு, கியர்ல விட்டு, வண்டி பக்கத்துலயே நின்னுக்கிட்டு வரணும். அங்கிருந்து புரூஸெல்ஸ், லியேஜ் வழியா நூர்பர்க் சுமார் 450 கிலோமீட்டர், பெல்ஜியத்துலயும் ஜெர்மனியிலயும் பைக்குக்கு டோல் கிடையாது. லியேஜ் தாண்டுற வரைக்கும் லாரியும் காத்தும்தான். ஸாங்க்ட் ஃபீட் தாண்டி பெரிய ரோட்டை விட்டு இறங்கினதும் ஐஃபல் ஆரம்பிக்குது. அந்த மலை ரோடுகளே தனியா ஒரு பயணத்துக்குத் தாங்கும், நூர்பர்க்ரிங் மூடியிருந்தாக்கூட வந்தது வீண் இல்லன்னு அன்னிக்கு சாயங்காலமே தோணுச்சு.

மூடியும்தான் இருந்தது. வாரநாள்ல பகல் முழுக்க கார் கம்பெனிக்காரங்க டெஸ்டிங், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மாதிரிதான் நமக்கு. முதல் நாள் அந்த நேரத்துக்குச் சரியா பனிமூட்டம் இறங்கி, திறக்கவே இல்ல. ஐஃபல் மலைக்கு இது வழக்கம், இந்தப் பக்கம் வெயில் அடிக்கும், காட்டுக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். அதனால ஒரே நாளை நம்பி போகாதீங்க, நாங்க மூணு ராத்திரி வச்சிருந்தது எங்களைக் காப்பாத்துச்சு. மறுநாள் பகல்ல புரூன்ஷென்ங்கிற வளைவுகிட்ட வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு டெஸ்ட் கார்களைப் பார்த்தோம். வீட்டுல மாசக்கணக்கா வீடியோ கேம்ல ஓட்டி ஓட்டி வளைவு எல்லாம் மனப்பாடம், பேரெல்லாம் வரிசையா ஒப்பிப்போம். நேர்ல நின்னு பார்த்தப்பதான் திரையில தெரியாத ஒண்ணு தெரிஞ்சுது: இறக்கம். ட்ராக்குல தாழ்வான இடத்துக்கும் உசரமான இடத்துக்கும் கிட்டத்தட்ட 300 மீட்டர் வித்தியாசம். கார் வளைவுக்குள்ள திரும்புறதுக்கு முன்னாடி கீழே விழுற மாதிரி காணாமப் போகுது.

அன்னிக்கு சாயங்காலம் திறந்தாங்க. ஒரு லேப் அப்ப சுமார் 30 யூரோ. கார் பார்க்குல ஒரு வயசான ஜெர்மன்காரர், பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர் வண்டி, முப்பது வருஷமா வர்றாராம். ரெண்டே விஷயம் சொன்னார். முதல் லேப்ல முன்னாடி பார்க்கிற அளவுக்குக் கண்ணாடியையும் பாரு, பின்னாடி வர்ற கார் உன்னைத் தாண்ட நினைச்சா வலது இண்டிகேட்டரைப் போட்டு ஓரம் கொடு. ரெண்டாவது, ரோட்டுல வெள்ளையா பவுடர் தெரிஞ்சா வண்டியைச் சாய்க்காதே.

அந்தப் பவுடர் என்னன்னு ட்ராக்குல வேயர்ஸைஃபன்ங்கிற இறக்கத்துல தெரிஞ்சுது.

ஹாட்ஸன்பாக் வளைவுகள், ஃப்ளூக்பிளாட்ஸ் மேடு எல்லாம் நிதானமா தாண்டி, ஃபுக்ஸ்ரோரல, அதாவது நரிக்குழாய், இறங்கினோம். பேருக்கு ஏத்த மாதிரி மரம் ரெண்டு பக்கமும் நெருங்கி நிக்க ஒரே இறக்கம், அடியில சஸ்பென்ஷன் முழுசா அமுங்கி, என் நெஞ்சு டேங்க்ல வந்து ஒட்டிச்சு, உடனே ஏத்தம். நான் பெரிய வேகத்துலயே இல்ல, அதுக்கே அப்படி. அதுக்கப்புறம் வேயர்ஸைஃபன் வர்றப்ப, முன்னாடி ஆபத்துன்னு எச்சரிக்கிற மஞ்சள் கொடி ஆட்டுறாங்க. வேகத்தைக் குறைச்சு வளைவுக்குள்ள போனா, சரியா நாம சாய்க்க வேண்டிய லைன்ல, ரெண்டு சாண் அகலத்துக்கு, வெள்ளைப் பவுடர் நீளமா போட்டிருக்கு. ஏதோ கார்ல இருந்து ஆயில் சிந்தியிருக்கு, அதை உறிஞ்சறதுக்குப் போட்டது. பவுடர் முடியுற இடத்துக்கு அப்புறமும் ரோட்டுல ஈரமா ஒரு பளபளப்பு. நாலு சக்கரம் இருக்கிறவங்களுக்கு அது சின்ன வழுக்கல், நமக்கு பேரியர். பேரியரும் தள்ளி எல்லாம் இல்ல, புல்லு ரெண்டு மூணு மீட்டர், அடுத்து இரும்பு. வண்டியை நிமிர்த்தி, ஹேண்டில்பாரை லேசா பிடிச்சு, நடைவண்டி மாதிரி உருட்டித் தாண்டினேன். தம்பி எனக்குப் பின்னாடி, அவனும் தாண்டிட்டானான்னு கண்ணாடியில பார்த்த அந்த ரெண்டு விநாடிதான் முழுப் பயணத்துலயும் எனக்கு நீளமான நேரம்.

பெர்க்வெர்க் வளைவு தாண்டி ஏத்தம் ஆரம்பிச்சதும்தான் மூச்சு விட்டேன். லாடா விபத்து அந்தப் பக்கம்தான் நடந்தது, ஹெல்மெட்டுக்குள்ளயே ஒரு கும்பிடு போட்டுக்கிட்டேன். கருஸ்ஸெல் வளைவுல உள்பக்கம் கான்கிரீட் பலகையா சரிஞ்சு கிடக்கும், கார்க்காரங்க அதுல இறங்கித்தான் போவாங்க, நாங்க மேல தார் ரோட்டுலயே போயிட்டோம். 1993-ல ஹெல்முட் டேனேங்கிற பைக் ரேஸர் ஹோண்டா ஆர்சி 30 பைக்ல இந்த ட்ராக்கை 7 நிமிஷம் 49 விநாடியில சுத்தினார். அதை இத்தனை வருஷமா ஒரு நம்பரா மட்டும் தெரிஞ்சு வச்சிருந்தேன். அந்த ரோட்டுல நானே போன பிறகு அந்த மனுஷன் மேல வந்த மரியாதை வேற.

கடைசி நேர் ரோட்டுல வேகத்தைக் குறைச்சு வெளிய வந்து வண்டியை நிறுத்தினோம். தம்பி ஹெல்மெட்டைக் கழட்டி, "அண்ணே, இன்னொண்ணு போகலாமா?"ன்னான். எனக்கும் ஆசைதான், கை நடுங்கிட்டு இருந்தது, வெளிச்சமும் குறையுது. வேணாம்டா, அடுத்த வருஷம் வருவோம்னேன்.

அந்த வருஷக் கடைசியில அறிவிப்பு வந்துடுச்சு, 2025-ல இருந்து பொது ஓட்டத்துல பைக் கிடையாதுன்னு. பாதுகாப்புதான் காரணம். எனக்கு மனசு ரொம்ப வலிச்சுது. முதல் ரேஸ் ஓடினதே பைக்தானேன்னு ரெண்டு நாள் தம்பிகிட்ட புலம்பினேன். ஆனா அந்த வெள்ளைப் பவுடரை நினைச்சா, அவங்க முடிவு தப்புன்னு என்னால சொல்ல முடியல. இடம் மாறல, கார்களோட வேகமும் கூட்டமும்தான் மாறிடுச்சு, அதுக்கு நடுவுல ரெண்டு சக்கரம் மாட்டக் கூடாது.

இப்ப போக நினைக்கிறவங்களுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நார்ட்ஷ்லைஃபலயே பைக்குக்குன்னு நடத்துற பயிற்சி நாட்கள். பயிற்சியாளர் பின்னாடி சின்ன குரூப்பா போய், ட்ராக்கைப் பகுதி பகுதியா பிரிச்சுத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பழகுறது. செலவு ஒத்தை லேப் டிக்கெட்டோட ஒப்பிடவே முடியாது, ஆனா எதிர்பாராம பின்னாடி வந்து நிக்கிற கார் இல்ல, என்னைக் கேட்டா இதுதான் சரியான வழி. ரெண்டாவது, பக்கத்துலயே இருக்கிற 5.148 கிலோமீட்டர் கிராண்ட் பிரீ ட்ராக்குல பைக்குக்குத் தனியா ஒதுக்குற நேரம். அகலமான ட்ராக், விழுந்தாலும் இடம் இருக்கு, புதுசா ட்ராக் பழகுறவங்க அதுல ஆரம்பிக்கலாம்.

நாங்க பயிற்சிக்குத்தான் பார்த்துக்கிட்டு இருக்கோம். தம்பி விசாவுக்கு இப்பவே அப்பாயின்ட்மென்ட் தேடுறான். எனக்கு இருக்கிறது பழைய வேலைதான்: பயிற்சி நாளுக்குக் கவர் உண்டா இல்லையான்னு இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எழுத்துல வாங்கணும், நாளைக்குக் காலையில முதல் போன் அதுதான்.