அடுக்கு ரோஜாவைப் பிரித்துப் பார்த்தேன்: மொட்டை மாடிக் குறிப்புகள்

காட்டு ரோஜாவுக்குப் பொதுவாக ஐந்தே இதழ்கள். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களில் ஏறிப் படரும் ரோசா லெஷெனோல்டியானா என்ற வெள்ளை ரோஜாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஐந்து வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தத்தாள்கள் கற்றையாக. பூக்கடையில் நாம் வாங்கும் எட்வர்ட் ரோஜாவிலோ இதழ்மேல் இதழ். கூடுதல் இதழ்கள் எங்கிருந்து வந்தன? மகரந்தத்தாள்கள்தான் இதழாகிவிட்டன என்று தாவரவியல் சொல்கிறது. அதை என் ஓசூர் மாடியிலேயே கண்ணால் பார்த்துவிட முடியுமா என்ற ஆசையில் தொடங்கியது இந்த வேலை.

தேவைப்பட்டது ஒரு பிளேடு, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், வெள்ளைத்தாள், செலோ டேப். பூவை வெளியிலிருந்து உள்நோக்கி ஒவ்வொன்றாக உரித்து வரிசை மாறாமல் ஒட்டினேன். முதலில் ஐந்து புல்லி இதழ்கள். இவற்றிலேயே ஒரு வேடிக்கை உண்டு: இரண்டுக்கு இரு ஓரமும் மீசைபோல நீளும் துணுக்குகள், இரண்டுக்கு மீசையே இல்லை, ஒன்றுக்கு ஒரு பக்கம் மட்டும். மொட்டில் ஒன்றையொன்று மூடிக்கொண்டிருக்கும் விதத்தால் அப்படி வருகிறது. மூடப்பட்ட ஓரத்தில் மீசை வளர்வதில்லை. பல ரோஜாக்களில் இதைப் பார்க்கலாம்.

அதன் பிறகு இதழ்கள். வெளியே உள்ளவை அகலமாக, ஒழுங்காக இருக்கின்றன. உள்ளே போகப்போகச் சிறுத்து, சுருண்டு, நடுவே வெள்ளைக் கோடு ஓடுகிறது. மையத்தை நெருங்கியபோதுதான் நான் தேடியது கிடைத்தது. ஒரு பாதி இளஞ்சிவப்பு இதழ், மறுபாதி ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் மஞ்சள் மகரந்தப்பை. அடுத்ததில் பை பெரிதாகி இதழ் ஒரு சிறு கொடிபோலச் சுருங்கியிருக்கிறது. அதற்கும் உள்ளே முழு மகரந்தத்தாள். இதழுக்கும் தாளுக்கும் இடையே கூரான எல்லை கிடையாது, தயங்கித் தயங்கி மாறுகிற ஓர் இடைநிலம் இருக்கிறது. லென்ஸில் அதைப் பார்த்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை. பூவை வைத்திருக்கும் எல்லோரும் ஒரு முறையாவது இதைச் செய்து பார்க்கவேண்டும். அடுக்கு செம்பருத்தியிலும் இதே இடைநிலைகள் தெரியும். ரோஜா கிடைக்காதவர்கள் அதில் தொடங்கலாம்.

இந்த எல்லையை வரைவது யார்? 1991-இல் என்ரிகோ கோயன், எலியட் மேயரோவிட்ஸ் இருவரும் முன்வைத்த ஏ-பி-சி மாதிரி இதற்கு விடை தந்தது. ஆராய்ந்தது அரபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பக் களையையும் ஸ்னாப்டிராகன் என்ற தோட்டப் பூச்செடியையும்தான். ஆனால் அடிப்படை பெரும்பாலான பூக்களுக்குப் பொருந்துகிறது. ஏ வகை மரபணு மட்டும் வேலை செய்யும் இடத்தில் புல்லி இதழ், ஏ-யும் பி-யும் சேர்ந்தால் இதழ், பி-யும் சி-யும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி மட்டும் இருந்தால் சூலகம். ஏ-யும் சி-யும் ஒன்றையொன்று விரட்டும். ஆகவே சி பின்வாங்கினால் அந்த இடத்தை ஏ பிடித்துக்கொள்ளும், மகரந்தத்தாள் வரவேண்டிய வட்டத்தில் இதழ் வரும். சி வகையின் முக்கிய மரபணுவுக்கு அகாமஸ் என்று பெயர்.

அரபிடாப்சிஸில் அகாமஸ் முற்றிலும் கெட்டுப்போனால் மகரந்தத்தாளும் இருக்காது, சூலகமும் இருக்காது. இதழுக்குள் இதழாகப் பூ முடிவின்றிப் போய்க்கொண்டே இருக்கும். என் எட்வர்டில் அப்படி இல்லை. நடுவில் கொஞ்சம் தாள்களும் நல்ல சூல்தண்டுகளும் இருக்கின்றன. அதாவது அகாமஸ் கெடவில்லை, அதன் ஆட்சி எல்லை மையத்தை நோக்கிச் சுருங்கியிருக்கிறது. பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர்கள் 2010-இல் காட்டியதும் இதையே. சீனாவில் ஒரு தடவை, ஐரோப்பா-மேற்கு ஆசியப் பக்கம் தனியாக ஒரு தடவை மனிதர்கள் அடுக்கு ரோஜாவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்; இரண்டு இடத்திலும் நகர்ந்தது அகாமஸின் எல்லைதான்.

எட்வர்ட் ரோஜா இந்த இரண்டு வழிக்கும் வாரிசு என்பது எனக்குத் தனி ஈர்ப்பு. அது போர்பன் இனம். இன்று ரீயூனியன் என்று அழைக்கப்படும் போர்பன் தீவில், வேலிக்கு நட்ட சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாமாகக் கலந்து உண்டான வரிசை அது.

எல்லை ஏன் சுருங்கியது என்பதும் இப்போது தெரியும். 2018-இல் 'ஓல்டு பிளஷ்' என்ற சீன ரோஜாவின் மரபணுத் தொகுதி முழுதும் படிக்கப்பட்டது. அடுக்குப் பண்பு இருக்கும் இடம் மூன்றாவது குரோமோசோம். அங்கே ஏ வேலையைச் செய்யும் ஏபி-2 குடும்பத்து மரபணு ஒன்று இருக்கிறது. சாதாரண ரோஜாவில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 172 என்ற சின்னஞ்சிறு மூலக்கூறு அந்த மரபணு அனுப்பும் செய்தி நகலில் (ஆர்.என்.ஏ.) ஒட்டி அதை அடக்கி வைக்கும். அடுக்கு ரோஜாவிலோ இடம்விட்டு இடம் தாவும் டி.என்.ஏ. துண்டு ஒன்று மரபணுவுக்குள் புகுந்து, வால்பகுதியைத் துண்டித்துவிட்டது. ஒட்டவேண்டிய இடம் அந்த வாலில்தான் இருந்தது. அடக்க ஆளில்லாத ஏபி-2 உள்ளே வரை நீள்கிறது, அகாமஸ் ஒதுங்குகிறது. மரபணுவின் ஒரு பிரதி மாறியிருந்தாலே போதும், பூ அடுக்காகிவிடும். இதைத்தான் ஓங்கு பண்பு என்கிறார்கள்.

இனி என் கணக்கு. ஒரே எட்வர்ட் செடியின் பூக்களை மார்கழி, தை மாதங்களிலும் சித்திரை, வைகாசியிலும் பிரித்து எண்ணி வந்தேன். குளிரில் இதழ்கள் 40-ஐ ஒட்டி வந்தன, கோடையில் 30-க்குக் கீழே இறங்கின. கோடைப் பூவில் மகரந்தத்தாள்கள் கூடுதல். இடைநிலை உறுப்புகள் குளிர்காலப் பூக்களில் அதிகம் கிடைத்தன. ஒரு செடியை வைத்துக்கொண்டு பெரிதாக எதையும் நிறுவ முடியாது. ஆனால் திசை பொருந்துகிறது. 2015-இல் சீன ஆய்வாளர்கள் 'சமந்தா' என்ற சிவப்பு ரோஜாவில் இதையே கண்டார்கள்: குளிரில் அகாமஸ் மரபணுவின் மீது மெத்தில் குறிகள் (டி.என்.ஏ.-வில் ஒட்டும் சிறு வேதிக் குறிகள்) கூடுகின்றன, அதன் செயல் குறைகிறது, இதழ் எண்ணிக்கை ஏறுகிறது. டி.என்.ஏ. எழுத்து மாறவில்லை, எழுத்தின் மேல் வைத்த குறி மாறுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது காலம். பூ விரியும் நாளின் வெயிலுக்கும் இதழ் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. கவாத்து செய்தபின் வரும் தளிர் விரல் நீளம்கூட எட்டாதபோதே அதன் நுனியில் பூ உருவாகத் தொடங்கிவிடுகிறது. அரிசிமணி அளவு மொட்டை நெடுக்காக வெட்டி லென்ஸில் பார்த்தால் உறுப்புகள் வரிசையாக முளைத்திருப்பது தெரியும். ஆகவே எழுதிவைக்க வேண்டிய வெப்பநிலை, தளிர் கிளம்பிய வாரத்தினுடையது.

நண்பர் ஒருவர் பச்சை ரோஜாக் குச்சி தந்தார், வேர் பிடித்துப் பூத்தும் விட்டது. சீன ரோஜாவின் மாறுபாடான இதில் இதழ், தாள், சூலகம் எல்லாமே புல்லி இதழ்களாக நிற்கின்றன. பி, சி இரண்டும் ஓய்ந்தால் பூ எப்படி இருக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் செடி வேறில்லை. அழகு என்று பலர் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து விதை. பட்டன் ரோஜாவின் மொட்டு விரியுமுன் காகித உறை போட்டு, அதன் மகரந்தத்தையே அதன் சூல்முடியில் தடவினேன். காய் ஆரஞ்சு நிறத்துக்கு வர நான்கு மாதம் ஆகும். விதைகளை ஈரத் துணியில் சுற்றிக் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தபின்தான் முளைக்கும், அதிலும் கொஞ்சமே. முளைத்தவை சாண் உயரம் எட்டுமுன்னே பூத்தன. ஆண்டு முழுதும் பூக்கும் ரோஜாக்களின் அடையாளம் அது. பூப்பதைத் தடுக்கும் கே.எஸ்.என். மரபணு, தாவும் துண்டு ஒன்றால் முடங்கி, இரண்டு பிரதியிலும் செயலற்றுப் போனதன் விளைவு என்று 2012-இல் கண்டறிந்தார்கள்.

நாற்றுகளில் சில ஐந்தே இதழோடு வந்தன! தாய்ச்செடி அடுக்கு, பிள்ளை ஒற்றை. ஓங்கு பண்புக்குப் பின்னால் மறைந்திருந்த பழைய மரபணு வெளியே வந்திருக்கிறது. இரண்டு குரோமோசோம் தொகுதி கொண்ட செடியாக இருந்தால் நான்கில் ஒன்று ஒற்றையாக வரவேண்டும். நவீன ரோஜாக்கள் பலவும் நான்கு தொகுதி கொண்டவை. அவற்றில் இரு பிரதி அடுக்கும் இரு பிரதி ஒற்றையும் இருந்தால் 36-இல் ஒன்றுதான் ஒற்றை. என் பட்டன் ரோஜா எந்த வகை என்று முடிவு கட்ட இந்த நாற்றுகள் போதாது. தவிர, நாற்றின் முதல் பூவில் இதழ் குறைவாகவே இருக்கும். மூன்றாம் சுற்றுப் பூ வரை பொறுத்துத்தான் ஒற்றை என்று எழுதவேண்டும். சந்தேகமில்லாத ஒற்றைகளுக்கு மட்டும் வெள்ளை நூல் கட்டியிருக்கிறேன்.

மழை ஓய்ந்ததும் கவாத்து. இந்த முறை எட்வர்டின் ஒவ்வொரு தளிருக்கும் கிளம்பிய தேதியை அட்டையில் எழுதிக் கட்டி, அந்த வாரத்தின் இரவு வெப்பநிலையையும் பக்கத்தில் குறிக்கப்போகிறேன். ஒற்றை நாற்றின் மகரந்தத்தை எட்வர்டுக்குக் கொடுத்துப் பார்க்கவும் உறைகள் தைத்தாகிவிட்டது.